காரை எடை போட்டுப் பார்ப்போமா?

பேரங்காடியில் தள்ளுவண்டியைத் தள்ளுவது வீட்டில் உங்கள் வேலையா? அப்படியானால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

உள்ளே நுழையும்போது வண்டி காலி. ஒரு விரலால் தள்ளினாலே நகரும். எந்த மூலையிலும் சட்டென்று திரும்பும். இரண்டு 10 கிலோ அரிசி மூட்டை, ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தல், சமையல் எண்ணெய் எல்லாம் ஏறிய பிறகு அதே வண்டி வேறு குணம் காட்டுகிறது. நகர்த்த மூச்சுப் பிடிக்க வேண்டும். நகர்ந்ததை நிறுத்துவது இன்னும் சிரமம். வளைவில் நீங்கள் ஒரு பக்கம் இழுத்தால், அது தன் போக்கில் நேராகப் போகப் பார்க்கும்.

சக்கரம் மாறவில்லை. தள்ளும் கையும் மாறவில்லை. மாறியது பொருண்மை மட்டுமே.

கார் தயாரிப்பாளர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. காரை வேகமாக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தள்ளும் கையைப் பலப்படுத்துவது. அதாவது இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டுவது. இன்னொன்று, வண்டியில் ஏற்றுவதைக் குறைப்பது. விளம்பரங்கள் முதல் வழியைப் பற்றித்தான் அதிகம் பேசும். 2021 ஏப்ரல் 5-ஆம் தேதி, டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து அறிமுகப்படுத்திய கார் இரண்டாவது வழியைச் சார்ந்தது. டொயோட்டா அதை ஜிஆர்86 என்கிறது. அதன் இரட்டைப் பிறவி சுபாரு பிஆர்இசட். ஜிஆர்86 2021 இலையுதிர் காலத்தில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

இரண்டு கதவுகள், நான்கு இருக்கைகள் (பின்னிருக்கை சிறியவர்களுக்குத்தான் சரிப்படும்), முன்னால் இயந்திரம், பின்சக்கரங்களுக்கு உந்துவிசை. "சாதாரண மனிதர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்" என்பது இந்த வகைக் கார்களின் வாக்குறுதி. நாம் இன்னும் அதை ஓட்டவில்லை. ஆனால் நிறுவனம் வெளியிட்ட எண்கள் கையில் இருக்கின்றன. நம் இயற்பியல் பாடமும் இருக்கிறது. காரை ஓட்டாமலேயே அதை எடை போட இவை இரண்டும் போதுமா என்று பார்ப்போம்.

முதல் கேள்வி: ஒரு குதிரை எத்தனை கிலோவைச் சுமக்கிறது?

ஜிஆர்86 இயந்திரத்தின் திறன் 235 குதிரைத்திறன். முந்தைய 86 காரில் கடைசியாக இருந்தது 207. இந்த இரண்டு எண்களோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். எடையையும் கேட்க வேண்டும். புதியது 1,270 கிலோ. பழையது சுமார் 1,240 கிலோ.

இப்போது வகுத்துப் பாருங்கள். பழைய காரில் ஒவ்வொரு குதிரைத்திறனும் ஏறக்குறைய 6 கிலோவைச் சுமந்தது. புதிய காரில் 5.4 கிலோ. எடை 30 கிலோ, அதாவது மூன்று அரிசி மூட்டை, கூடியிருக்கிறது. ஆனால் திறன் அதைவிட அதிக விகிதத்தில் கூடியதால் ஒவ்வொரு குதிரைக்கும் சுமை குறைந்துவிட்டது.

நம் ஊர்ச் சாலையில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1.5 லிட்டர் மைவியின் திறன் 102 குதிரைத்திறன்தான். ஆனாலும் சாலைச் சந்திப்பில் பச்சை விளக்கு விழுந்ததும் அது சுறுசுறுப்பாகப் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் அதன் எடை ஏறத்தாழ ஒரு டன் மட்டுமே. அதே இயந்திரத்தை ஒன்றரை டன் வண்டியில் வைத்தால் அந்தச் சுறுசுறுப்பு காணாமல் போய்விடும்.

நியூட்டனின் இரண்டாம் விதி சொல்வதும் இதையேதான். விசை என்பது பொருண்மையும் முடுக்கமும் பெருக்கிய தொகை. விசை மாறாமல் இருக்க, பொருண்மை குறைந்தால் முடுக்கம் கூடும்.

எடை குறைவதன் பலன் புறப்படும்போது மட்டும் கிடைப்பதில்லை. நிறுத்தும்போதும் கிடைக்கிறது. மணிக்கு 100 கிமீ வேகம் என்பது நொடிக்கு 27.8 மீட்டர். அந்த வேகத்தில் 1,270 கிலோ காரின் இயக்க ஆற்றல் சுமார் 490 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். பிரேக் அழுத்தும்போது இவ்வளவு ஆற்றலையும் சில நொடிகளில் வெப்பமாக மாற்றிக் காற்றில் விட்டாக வேண்டும். டொயோட்டாவின் பெரிய ஸ்போர்ட்ஸ் கார் சூப்ரா. அதன் மூன்று லிட்டர் ரகம் 1,520 கிலோ. அதே வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 586 கிலோஜூல். அதற்குப் பெரிய பிரேக் வேண்டும், அகலமான டயர் வேண்டும், அவற்றைத் தாங்க உறுதியான பாகங்கள் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் எடை உண்டு; விலையும் உண்டு. எடை இன்னும் எடையைக் கூட்டிக்கொண்டு வரும். எடை குறைந்தாலோ, பாகங்களும் சிறுத்து, விலையும் இறங்கும். மலிவான ஸ்போர்ட்ஸ் காரின் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: அந்தக் குதிரைகள் எப்போது வேலை செய்கின்றன?

ஜிஆர்86 நின்ற நிலையிலிருந்து 100 கிமீ வேகத்தைத் தொட 6.3 நொடி எடுக்கும் என்கிறது டொயோட்டா. முந்தைய காருக்கு 7.4 நொடி. இதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. கணக்கிட்டுப் பார்ப்போம்.

490 கிலோஜூல் ஆற்றலை 6.3 நொடியில் காருக்குக் கொடுத்தால் சராசரித் திறன் சுமார் 78 கிலோவாட். ஆனால் 235 குதிரைத்திறன் என்பது 173 கிலோவாட்! விளம்பரத்தில் வரும் திறனில் பாதிகூடக் காரின் வேகமாக மாறவில்லை. மீதி எங்கே போனது?

கொஞ்சம் காற்றைக் கிழிக்கவும், கியர்களிலும் டயர்களிலும் ஏற்படும் உராய்வை மீறவும் போனது. கியர் மாற்றும் கணங்களில் இயந்திரம் சக்கரத்தை உந்துவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் வேறு. 235 குதிரைத்திறன் கிடைப்பது நிமிடத்திற்கு 7,000 சுழற்சியில் மட்டும்தான். மற்ற நேரங்களில் அதைவிடக் குறைவு.

முதல் 86 கார் 2012-இல் வந்தபோது அதன் குறையும் இங்கேதான் இருந்தது. ஓட்டியவர்கள் திருப்பும் சுகத்தைப் புகழ்ந்தார்கள். ஆனால் 4,000 சுழற்சியை ஒட்டி இயந்திரம் சோர்ந்துவிடுகிறது என்றார்கள். முறுக்கு விசையின் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. உச்ச முறுக்கு விசை கிடைக்க 6,400 சுழற்சிவரை காத்திருக்க வேண்டும். அன்றாடம் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர் அந்தச் சுழற்சியை எப்போதாவதுதான் தொடுவார்.

புதிய காரில் உச்ச முறுக்கு விசை 250 நியூட்டன் மீட்டர். முன்பு 212. அதைவிட முக்கியம், அது 3,700 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. எப்படி?

இதையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். பழைய இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 86 மிமீ, அதில் பிஸ்டன் நகரும் தூரமும் 86 மிமீ. உருளையின் கொள்ளளவுச் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டு நான்கால் பெருக்குங்கள். 1,998 சிசி வரும். புதிய இயந்திரத்தில் பிஸ்டன் நகரும் தூரம் அதே 86 மிமீ. விட்டம் மட்டும் 94 மிமீ. மீண்டும் கணக்கிடுங்கள். 2,387 சிசி. வெறும் 8 மிமீ விட்டத்தைக் கூட்டியதில் ஏறக்குறைய 20 விழுக்காடு கொள்ளளவு கூடிவிட்டது! விட்டம் சூத்திரத்தில் இருமடி ஆவதன் விளைவு அது. ஒவ்வொரு முறையும் அதிகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகின்றன. பிஸ்டனை அதிக விசையோடு தள்ளுகின்றன.

டர்போ பொருத்தினாலும் முறுக்கு விசை கூடியிருக்கும். ஆனால் டர்போவோடு குளிர்விப்பானும் குழாய்களும் சேர்ந்து வரும். எடை, வெப்பம், விலை மூன்றும் ஏறும். சிலிண்டரை அகலமாக்கியது எளிய தீர்வு.

மூன்றாவது கேள்வி: எடை எந்த உயரத்தில் இருக்கிறது?

மீண்டும் தள்ளுவண்டிக்கு வாருங்கள். அரிசி மூட்டைகள் அடித்தட்டில் கிடந்தால் வளைவில் பயமில்லை. அதே மூட்டைகளை மேலே அடுக்கிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் சாயும். தொடக்கப்பள்ளி அறிவியலில் நிலைத்தன்மை பற்றிப் படித்தது நினைவிருக்கிறதா? அடித்தளம் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருந்தால் பொருள் எளிதில் கவிழாது. காருக்கும் அதே விதிதான்.

இயந்திரம் காரின் கனமான பாகங்களில் ஒன்று. பெரும்பாலான கார்களில் சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்கும். சுபாருவின் இயந்திரத்தில் அவை இரண்டு பக்கமும் படுத்திருக்கும். எதிரெதிரே இருக்கும் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போய், ஒரே நேரத்தில் உள்ளே வரும். குத்துச்சண்டை வீரர் இரண்டு கையுறைகளையும் மோதுவதுபோல் இருப்பதால் அதற்கு 'பாக்ஸர்' என்று பெயர். சுபாரு 1966 முதல் இந்த வகையைத் தயாரித்து வருகிறது. ஆள் நிற்பதற்கும் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம்போல, படுத்த இயந்திரத்தின் எடை தரைக்கு அருகில் இருக்கிறது.

முதல் 86 காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 46 செமீ உயரத்தில்தான் இருந்தது. உங்கள் முழங்கால் உயரம்! இதன் பலன் என்ன? கேமரன் மலைச் சாலையின் ஒரு வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். கார் வளையும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை நகரும். எவ்வளவு நகரும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தை இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தால் வகுப்பதைப் பொறுத்தது. அகலம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் 80 விழுக்காடு அளவுக்குக் கடுமையாகத் திரும்பினால், 46 செமீ உயரக் காரில் மொத்த எடையில் கால் பங்கு வெளிப்பக்கம் நகரும். ஈர்ப்பு மையம் 65 செமீ உயரத்தில் இருக்கும் வண்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக நகரும்.

நகர்ந்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். டயரின் பிடிமானத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சுமை இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே வெளிப்பக்க டயர் பெறுவதைவிட உள்பக்க டயர் இழப்பது அதிகம். சுமை நான்கு சக்கரங்களிலும் சமமாக இருக்க இருக்க மொத்தப் பிடிமானமும் நன்றாக இருக்கும்.

ஜிஆர்86-இல் கூரையையும் முன் சக்கரங்களின் மேலுள்ள தகடுகளையும் அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள். அலுமினியத்தின் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஏன் கூரை என்று இப்போது உங்களுக்கே புரியும். தரையில் ஒரு கிலோ குறைத்தால் எடை மட்டும் குறையும். உச்சியில் ஒரு கிலோ குறைத்தால் எடையும் குறையும், ஈர்ப்பு மையமும் இறங்கும்.

அப்படியானால் கார் முழுவதையும் அலுமினியத்தில் செய்தால் என்ன? அலுமினியம் விலை அதிகம். அதன் விறைப்பும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான்; அதனால் தடிமன் கூட்ட வேண்டியிருக்கும். அடிபட்டால் பழுது பார்ப்பதும் கடினம். ஆகவே பலன் அதிகம் கிடைக்கும் இடத்தில் மட்டும் செலவு செய்திருக்கிறார்கள்.

எடை கூடியது தவறா?

86 என்ற பெயர் ஒரு பழைய காரிலிருந்து வந்தது. 1983-இல் டொயோட்டா வெளியிட்ட ஏஇ86 அது. 'இனிஷியல் டி' சித்திரக்கதை படித்தவர்களுக்குத் தெரியும். மலைச்சாலையில் தோஃபு கொண்டுபோகும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கார்தான். அதன் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பேரன் முந்நூறு கிலோ கூடிவிட்டானே என்று சிலர் குறைப்படுவது உண்டு.

அந்த முந்நூறு கிலோவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காற்றுப்பைகள் இருக்கின்றன. பக்கவாட்டு மோதலைத் தாங்கும் கதவுச் சட்டங்கள் இருக்கின்றன. மோதும்போது தான் நசுங்கி, உள்ளே இருப்பவரைக் காக்கும் முன்பகுதி இருக்கிறது. ஜிஆர்86-இன் உடற்கூடு முறுக்குதலைத் தாங்கும் உறுதியில் முந்தையதைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு கூடியிருக்கிறது என்கிறது டொயோட்டா.

இந்த இடத்தில் ஒரு கணக்கை மறக்காமல் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிமீ வேகத்தில் ஜிஆர்86-இன் இயக்க ஆற்றல் சுமார் 176 கிலோஜூல். 120 கிமீ வேகத்தில் அது 352 அல்ல, சுமார் 706 கிலோஜூல். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்கு. காரின் எடையில் 30 கிலோ கூடினால் மோதலின் ஆற்றல் கூடுவது இரண்டரை விழுக்காடுகூட இல்லை. பெடலை அழுத்தும் கால் அதை நான்கு மடங்காக்கிவிடும். சித்திரக்கதையில் வளைவுக்கு அப்பால் எதிரே லாரி வருவதை வரைபவர் முடிவு செய்கிறார். நம் மலைச்சாலையில் யாரும் முடிவு செய்வதில்லை. இப்படிப்பட்ட காரின் திறமையைச் சோதிக்க நம்மிடம் சிப்பாங் பந்தயத்தடம் இருக்கிறது.

ஆகவே எடை கூடியிருப்பதில் எனக்குக் குறை இல்லை. பாதுகாப்பையும் சேர்த்து, பெரிய இயந்திரத்தையும் வைத்து, 30 கிலோவோடு நிறுத்தியதுதான் பொறியாளர்களின் சாதனை.

நான்காவது கேள்வி: யாருக்குக் கட்டுப்படியாகும்?

முதல் 86 ஜப்பானில் 19 லட்சத்து 90 ஆயிரம் யென்னிலிருந்து விற்கப்பட்டது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 75,000 ரிங்கிட். ஆனால் அந்த விலைக்குக் கிடைத்த அடிப்படை ரகத்தில் குளிரூட்டி கிடையாது. முன், பின் பம்பர்களுக்குச் சாயம்கூடப் பூசவில்லை. வாங்குபவர் தானே மாற்றியமைத்துப் பந்தயத்தில் ஓட்டுவதற்கான வண்டி அது. குளிரூட்டி இல்லாத காரை கோலாலம்பூர் நண்பகலில் ஓட்டிப் பாருங்கள், "மலிவு" என்ற சொல்லின் பொருள் விளங்கும்!

விலை குறைந்ததற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. இரண்டு நிறுவனங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு கார்களும் ஜப்பானின் கும்மா மாநிலத்தில் உள்ள சுபாரு ஆலையிலேயே உருவாகின்றன. 215 மிமீ அகலமுள்ள சாதாரண டயர்களையே முதல் 86-இல் பொருத்தினார்கள். தேய்ந்தால் மாற்றுவதும் எளிது.

நம் நாட்டுக்கு வரும்போது கதை மாறுகிறது. இறக்குமதியாகும் காருக்கு இங்கே கலால் வரி உண்டு. இயந்திரத்தின் கொள்ளளவு கூடினால் அந்த வரியும் கூடும். சிங்கப்பூரிலோ, காரை வாங்கும் முன் அதை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழையே ஏலத்தில் எடுக்க வேண்டும். ஜப்பானில் இளைஞரின் கார், இங்கே வசதியானவரின் கார் ஆகிவிடுகிறது.

இன்னொரு கணக்கு. தீபகற்ப மலேசியாவில் தனியாருக்குச் சொந்தமான காருக்குச் சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. 1,998 சிசி கொண்ட பழைய 86-க்கு ஆண்டுக்கு 379 ரிங்கிட். 2,000 சிசியைத் தாண்டியதும் விகிதம் மாறுகிறது. 380 ரிங்கிட்டோடு, 2,000-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் ஒரு ரிங்கிட். 2,387 சிசிக்கு 767 ரிங்கிட். சிலிண்டரின் விட்டம் 8 மிமீ கூடியதால் முறுக்கு விசை 18 விழுக்காடு கூடியது; நம் ஊரில் சாலை வரியோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது!

தராசு எந்தப் பக்கம் சாய்கிறது?

தாளில் பார்த்தவரை, ஜிஆர்86 நேர்மையான கார். முந்தைய காரின் உண்மையான குறை ஒன்றை, அதன் நல்ல குணங்களைக் கெடுக்காமல் சரிசெய்திருக்கிறார்கள். 300, 400 குதிரைத்திறன் என்று மார்தட்டும் கார்களுக்கு இடையே, எடையைக் கவனித்த கார் இது. ஆனால் "சாதாரண மனிதர் வாங்கக்கூடியது" என்ற வாக்குறுதி நம் துறைமுகத்தைத் தாண்டி வருமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இங்குள்ள இளைஞர் பலருக்கு அது, சாலையில் கடந்து போவதைத் திரும்பிப் பார்க்கும் காராகத்தான் இருக்கும்.

அதனால் இந்தக் கேள்விகள் வீணாகிவிடாது. நாளை மின்சாரக் கார் ஒன்று அறிமுகமானாலும் இதே நான்கையும் கேட்கலாம். எவ்வளவு எடையை எவ்வளவு திறன் சுமக்கிறது? அந்தத் திறன் எப்போது கிடைக்கிறது? எடை எந்த உயரத்தில் இருக்கிறது? விலையை யார், எங்கே கொடுக்கிறார்கள்?

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் காரின் கையேட்டை எடுங்கள். அதில் எடை, குதிரைத்திறன், சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் நகரும் தூரம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு எத்தனை கிலோ என்று கணக்கிடுங்கள். சிலிண்டர் கணக்கைப் போட்டு, பதிவு அட்டையில் உள்ள சிசியோடு ஒப்பிடுங்கள். பிறகு பின்புறப் பொருள்பெட்டியைத் திறந்து பாருங்கள். மாதக்கணக்கில் தேவையில்லாமல் சுமந்து திரியும் சாமான்கள் எத்தனை கிலோ? அவற்றை இறக்கி வைத்தால், ஒரு வெள்ளியும் செலவில்லாமல் உங்கள் வீட்டுக் காரும் கொஞ்சம் இலகுவாகிவிடும்.